மடிக்குள் ஒரு துப்பாக்கி

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்தது என்னைக் காப்பாற்றுவதற்காக. இதை நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தாசில்தார் முன்னால் சொன்னார், போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் சொன்னார், எங்கள் வேதக்கோயில், அதாவது சர்ச், வாசலில் சொன்னார், கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறி நின்றும் சொன்னார். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்? அந்தக் காலத்து ராஜபாளையத்தில் மற்ற பெண்களுக்கெல்லாம் காவல் என்று இருந்தது ஒரு நாயோ ஒரு பூட்டோதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் ஆலை ஒன்று அவருக்கு இருந்தது. அடுத்த தெருவில் இன்னோர் ஆலைக்காரர் இருந்தார். அவர் வீட்டு முன்கூடத்துச் சுவரில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று தொங்கும். அதனால் ஒரு காக்கைகூடச் செத்ததாகக் கேள்வியில்லை. ஆனால் எந்த அதிகாரி வந்தாலும் முதலில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். ஊர்க் காரியங்களில் அவருக்கு முதல் நாற்காலி போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அதற்கு அடுத்த நாற்காலி. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளிதான் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது என்பது என்னுடைய கணிப்பு.

அவர் சொன்ன காரணம் வேறு. தேவதானம் போகிற பாதையில் வண்டியை மறித்து நகை பறிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, ஒன் கழுத்துல கெடக்கதை நெனைச்சா எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு," என்றார்.

"அப்பம் கழட்டிப் பெட்டியில வச்சிருதேன். நிம்மதியா ஒறங்குங்க."

"ஆலைக்காரன் பொண்டாட்டி வெறுங்கழுத்தோட போனா ஊரு என்ன சொல்லும்?"

ஆக, நகை கழுத்தில் இருந்தாக வேண்டும். அவர் உறங்கியாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வழி கண்டுபிடித்தபோது அது துப்பாக்கியாக இருந்தது.

லைசென்ஸ் வாங்க அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடையாய் நடந்தார். என் பிறந்த வீடு அங்கேதான். தாலுகா கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை என்கிற முறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே ஆஜராகிவிடுவார். என் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தே ஓய்ந்து போனாள். சர்க்கார் இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தத் தெருவில் சேவல் சத்தமே இல்லாமல் போயிருக்கும். ஒருவழியாக உத்தரவு கிடைத்தது. அன்று சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறி, மறுநாள் துப்பாக்கிக் கடையிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே நீல வெல்வெட்டு. வெல்வெட்டை விலக்கினால் ஒரு காகிதம். காகிதத்தைப் பிரித்தால் இன்னொரு காகிதம். எல்லாவற்றுக்கும் நடுவில் அது படுத்திருந்தது. எங்கள் வீட்டுப் பாக்குவெட்டி அதைவிடப் பெரியது.

நான் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

"இது குட்டியா? இனிமே வளருமா?"

அன்று ராத்திரி அவர் என்னோடு பேசவில்லை. காலையில் பேசியபோது மதுரைக் கடைக்காரர் சொன்னதை எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். பெரிய துப்பாக்கி வைத்திருப்பவன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே போவான். ஆபத்து வழியில் வரும். துப்பாக்கி வீட்டில் இருக்கும். சின்னத் துப்பாக்கி எப்போதும் ஆளோடேயே இருக்கும். கனம் கிடையாது. உடுப்புக்குள் வைத்தால் பெற்ற தாய்க்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் அதன் பலம். அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர்தான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று பின்னால் நானே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் சங்கடம், அதை எங்கே வைப்பது என்பது. கடைக்காரர் மனதில் இருந்தது வெள்ளைக்காரத் துரையின் கோட்டும் கால்சராயும். என் வீட்டுக்காரர் உடுத்தியது மல் வேட்டியும் ஜிப்பாவும். ஜிப்பாவின் பக்கப் பையில் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் தொங்கியது. வேட்டி மடிப்பில் செருகினால், குனியும்போதெல்லாம் குழல் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வயிற்றோடு நின்றால் பரவாயில்லை, இன்னும் கீழே பார்த்தால் என்ன ஆவது என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. பஜாரில் ஒரு தையல்காரரைக் கூட்டிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பனியனுக்குள் இடது பக்கத்தில் ஒரு பை தைக்கச் சொன்னார்.

"எதுக்கு முதலாளி இந்த எடத்துல பை?" என்றார் தையல்காரர்.

"சொல்லுதேன். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது."

அன்று சாயங்காலத்துக்குள் பஜார் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பாவம், தையல்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் சொன்னது பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு என் வீட்டுக்காரரே தனித்தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லி, எடுத்துக் காட்டினார். மறைத்து வைக்கிற துப்பாக்கியில் இப்படி ஒரு வில்லங்கம் இருப்பதை மதுரைக் கடைக்காரர் சொல்லவில்லை. மறைத்தால் மரியாதை வராது. மரியாதை வர வேண்டுமானால் மறைக்க முடியாது. சுவரில் தொங்குகிற துப்பாக்கிக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

எதிர்வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமம்மா, இதா துப்பாக்கி? நான் பொடி டப்பான்னு நெனைச்சேனே," என்றாள். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

அவருக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக இடது மாருக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். விஷயம் தெரியாத வெளியூர் வியாபாரிகள் மாரடைப்புக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள். விருதுநகர்க்காரர் ஒருவர் மருதம்பட்டைக் கஷாயப் பொடி கொடுத்தனுப்பினார். அதை வீணாக்க வேண்டாம் என்று நானே காய்ச்சிக் குடித்தேன். என் நெஞ்சுக்கு அது பிற்பாடு தேவைப்பட்டது.

வேதக்கோயிலுக்கும் அதை விடாமல் கொண்டுவந்தார். எங்கள் கோயிலில் எல்லாரும் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காலிட்டுத் தலை குனிந்தபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். தையல்காரர் போட்ட தையல் விட்டுப்போயிருந்தது. அது சிமிட்டித் தரையில் வழுக்கிக்கொண்டு போய்ப் பாட்டுப் புத்தக மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. ஆராதனை முடிந்ததும் எங்கள் ஐயர், பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அதைக் கைக்குட்டையால் எடுத்துவந்து கொடுத்தார்.

"கோயிலுக்குள்ள யாரு வந்துருவான்னு இதைக் கொண்டாந்தீரு?" என்று கேட்டார்.

"எப்பவும் ஆளோடயே இருக்கணும்யா. அதான் இதோட விசேஷம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"கர்த்தரையும் அப்பிடித்தான் சொல்லியிருக்கு," என்று சொல்லிவிட்டு ஐயர் போய்விட்டார்.

இப்படிச் சும்மாவே சுமந்துகொண்டிருந்ததில் அவருக்கே ஒரு குறை இருந்திருக்க வேண்டும். செண்பகத்தோப்புக்குக் குடும்பத்தோடு கட்டுச்சோறு கொண்டு போனபோது அதற்கு வேலை கொடுத்தார். மலையடிவாரத்து ஓடைக்கரையில் புளியோதரையைப் பிரித்து வைத்ததும் குரங்குகள் இறங்கி வந்தன. வேறு யாராக இருந்தாலும் ஒரு கல்லை எடுத்திருப்பார்கள். அவர் எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். ஜிப்பாப் பொத்தானைக் கழற்றினார். பனியனுக்குள் கைவிட்டார். அதற்குள் குரங்குகள் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டன. வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். தீபாவளிக்குத் தெருவில் பிள்ளைகள் கொளுத்துகிற கேப்பு வெடியை விடக் கொஞ்சம் பெரிய சத்தம். கிழட்டுக் குரங்கு ஒன்று தின்பதை நிறுத்தி, கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு மீதியையும் தின்றது. என் தம்பி துண்டால் விசிறி அவற்றை விரட்டினான்.

நான் அவரை இவ்வளவு கேலி செய்வதால் அவர்மேல் எனக்கு அன்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் அன்பு இருந்தது. கேலிக்கு அடியில், இந்த மனிதர் எனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறார் என்ற நினைப்பும் இருந்தது. ஊரே சிரித்தாலும், என்னைக் காக்கத்தான் அது வந்தது என்பதை நான் நம்பினேன். அதுதான் இந்தக் கதையில் எனக்கு நஷ்டமான பொருள்.

அடுத்த தை மாதம் தேவதானத்தில் அவருடைய பெரியப்பா மகள் வீட்டுக் கல்யாணம். கல்யாணத்துக்குக் கழுத்தும் கையும் நிறையப் போட்டுக்கொண்டு போகாவிட்டால் சொந்தக்காரர்கள் ஆலை நொடித்துவிட்டது என்று பேசுவார்கள். தாலிச் சங்கிலி, அட்டிகை, என் அம்மா போட்டுவிட்ட வளையல்கள் எல்லாம் போட்டுக்கொண்டேன். அவர் ஜிப்பாவுக்கு மேலே ஆல்பகா கோட்டும் போட்டுக்கொண்டார். விருந்து முடிந்து, வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வில்வண்டியில் திரும்பினோம். நாங்கள் இருவரும் வண்டிக்குள்ளே, வண்டிக்காரர் முன்னால்.

கண்மாய்க் கரை ஏறி இறங்குகிற இடத்தில் தென்னந்தோப்புக்குள்ளிருந்து மூன்று பேர் வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்கள். ஒளிவு மறைவு ஏதுமில்லை. நல்ல வெயில், கையில் அரிவாள். மூவரில் மூத்தவன் நரைத்த மீசைக்காரன். அவன்தான் பேசினான்.

"யாரும் எறங்க வேண்டாம். இருந்த எடத்துல இருந்தே நகையைக் குடுத்துருங்க. எவரையும் தொடமாட்டோம்."

என் வீட்டுக்காரர் கை கோட்டுக்குள் போனது. கோட்டு, அதற்குள் ஜிப்பா, அதற்குள் பனியன், அதற்குள் பை. செண்பகத்தோப்பில் அவ்வளவு நேரம் எடுத்த கை அன்று கண் மூடித் திறப்பதற்குள் துப்பாக்கியோடு வெளியே வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு பூரித்தது. இத்தனை நாள் கேலி செய்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. சுடப் போகிறார் என்று காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

என் மடியில் ஏதோ விழுந்தது. திறந்து பார்த்தால், அது.

"ஏட்டி, சேலைக்குள்ள சொருகு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பொம்பளைய அவனுவ தடவிப் பாக்கமாட்டானுவ."

பெண்கள் தொடக் கூடாது என்று அதுவரை அந்தத் துப்பாக்கியை என் கையில் தந்ததே இல்லை. முதன்முதலாகத் தொடக் கிடைத்த நேரம் அது. எதைப் பிடிப்பது, எதை இழுப்பது என்று எனக்குத் தெரியாது. சொன்னபடி இடுப்புக் கொசுவத்துக்குள் செருகி, கையால் பொத்திக்கொண்டேன். ஒன்று சொல்ல வேண்டும்: மறைப்பதற்கு அது உண்மையிலேயே வசதியாகத்தான் இருந்தது.

வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். அட்டிகையைக் கொடுத்தேன். ஒரு கையால்தான் கழற்ற முடிந்தது, அதனால் நேரம் பிடித்தது. மீசைக்காரன் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டே என் இடுப்பைப் பார்த்தான்.

"மடியில என்ன தாயி? கைய எடுக்கவே மாட்டேங்கியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அவளுக்கு வயித்து நோவு. இந்தா, தாலி கெடக்கு பாருங்க, கெட்டிச் சங்கிலி. அதையும் கழட்டித் தாரேன். அம்புட்டையும் வாங்கிட்டுப் போயிருங்க."

சொல்லிக்கொண்டே அவர் கை என் கழுத்துக்கு வந்துவிட்டது. சபையார் முன்னால், ஐயர் ஆசீர்வதித்துக் கொடுக்க, அந்தக் கைதான் அதை என் கழுத்தில் கட்டியது. இப்போது அதே கை அதைப் பிடித்து மேலே இழுத்தது. சங்கிலி கொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் விடாமல் இழுத்தார். வலித்தது.

"கையை எடும்வே!" என்று ஒரு அதட்டல்.

அதட்டியது மீசைக்காரன். அவன் முகம் மாறியிருந்தது. வெளியே வந்து தொங்கிய தாலியையும் அதில் இருந்த சின்னச் சிலுவையையும் பார்த்தான்.

"எந்தச் சாமிக்குக் கட்டுனதா இருந்தாலும் தாலி தாலிதான். அதுல நாங்க கை வைக்கிறதில்ல. எங்களுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கா," என்றவன், என் பக்கம் திரும்பி, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள போட்டுக்க தாயி," என்றான்.

அதற்குப் பிறகு அங்கே நிற்கவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை போல. யாரையும் தடவிப் பார்க்கவில்லை. தோப்புக்குள் இறங்கிப் போய்விட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. முதலில் பேசியவர் என் வீட்டுக்காரர்தான்.

"பத்திரமா இருக்கா?"

தவறை உணர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். தாலியைத் தொட்டுக் காட்டி, "இருக்கு," என்றேன்.

"அதைக் கேக்கலட்டி," என்று கையை நீட்டினார்.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வீடு வந்து சேருவதற்குள் அவர் கதையைத் தயார் செய்துவிட்டார். திருடன் தாலியில் கை வைத்தானாம். இவர் கோட்டைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே இருப்பதைக் காட்டினாராம். காட்டியதுமே அவன் வெலவெலத்துப் போய்த் தாலியை விட்டுவிட்டு ஓடினானாம். தாலி என் கழுத்தில் இருந்ததால் ஊரும் நம்பியது. வண்டிக்காரர் எங்கள் சம்பளக்காரர். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்லிவிட்டார். கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். அடுத்த கூட்டத்தில் முதல் நாற்காலி கிடைத்தது. இரட்டைக் குழல்காரரே எழுந்து வந்து, "எங்க, கொஞ்சம் காட்டுங்க பாப்போம்," என்று கேட்டாராம். எனக்கும் ஊரில் மதிப்பு கூடிவிட்டது. தெருப் பெண்கள் என் கழுத்தைப் பார்த்து, "குடுத்து வச்சவ," என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய? புருஷனை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்கிற துணிச்சல் அப்போது எனக்கு வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு வீரர் மனைவியாகவே செத்துப்போயிருப்பேன். ஆனால் சில மாதங்கள் கழித்து, என் வளையலை விற்கப் போன இடத்தில் மீசைக்காரன் பிடிபட்டுவிட்டான். மற்ற இருவரும் அகப்படவில்லை. வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. எங்கள் இருவருக்கும் சாட்சி சம்மன்.

முந்தின நாள் அவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"நான் சொன்னதையே நீயும் சொல்லு. பிஸ்தோலை ஒன் கையில குடுத்தேன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராத. லைசென்ஸ் இல்லாதவங்க கையில குடுக்கக் கூடாதுன்னு சட்டம். லைசென்ஸைப் பிடுங்கிருவாவ."

"தாலிய அவன் தொடலியே?"

"திருடன்தானட்டி? நகையை எடுத்தான்லா? கூட ஒண்ணு சொன்னா என்ன தேஞ்சுபோகும்?"

என்ன தேய்ந்துபோகும் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நகை பறித்ததற்கு ஒரு தண்டனை. அரிவாளோடு நின்று ஒரு பெண்ணின் தாலியைப் பிடித்து இழுத்தான் என்றால் அதற்கு இன்னும் எத்தனை வருஷம் கூடுமோ என்று கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் குமாஸ்தாக்களே பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபடி ஒருத்தி தூணோரம் உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கூண்டேறி, சத்திய வேதத்தின் மேல் கைவைத்துப் பிரமாணம் செய்துவிட்டு, கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். நன்றாகவே சொன்னார், ஊரில் அத்தனை தடவை சொல்லிப் பழகியிருந்தார் அல்லவா. திருடன் தாலியில் கை வைத்தான் என்று அவர் சொன்னபோது, அதுவரை தலை குனிந்து நின்ற மீசைக்காரன் நிமிர்ந்தான். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நீயும் இதைச் சொல்லுவியா தாயி என்று கேட்கிற பார்வை அது.

அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. என் அம்மா போட்ட வளையலை எடுத்தவன். அதற்கு அவன் உள்ளே போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாததற்கு அவன் போவதா என்ற கேள்வி வந்தபோது, என் கையும் அதே வேதத்தின் மேல் இருந்தது.

சர்க்கார் வக்கீல் கேட்டார். "ஒங்க நகையை எடுத்தது இந்த ஆள்தானா?"

"ஆமா. இவருதான்."

"ஒங்க தாலியில கை வச்சு இழுத்ததும் இந்த ஆள்தானே?"

"இல்ல."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "பயப்படாமச் சொல்லுங்கம்மா. ஒருத்தர் கை ஒங்க தாலியில பட்டது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அது யாரு கை?"

"எங்க வீட்டுக்காரவிய கை."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவரே கேட்டார். "அவர் எதுக்காகத் தாலியில கை வச்சார்?"

"கழட்டிக் குடுக்கதுக்கு. இந்த ஆள்தான் வேண்டாம்னுட்டாரு."

"அப்போ துப்பாக்கி எங்கே இருந்தது?"

"என் மடியில."

சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. சேவகர் "சைலன்ஸ்!" என்று கத்தியும் அடங்கவில்லை. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துப்பாக்கியைக் காட்டச் சொன்னார். சாட்சிப் பொருளாக வாங்கி வைத்திருந்த அது மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் எங்கே என்று தெரியாமல் குமாஸ்தா இரண்டு கட்டுகளைப் புரட்டித் தேட வேண்டியதாயிற்று. கூட்டம் மறுபடி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புருஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

நகை பறித்ததற்கு மட்டும் மீசைக்காரனுக்குத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கியை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். லைசென்ஸ் இனி வராது என்று வக்கீல் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். கோர்ட்டில் இருந்த பாதிப் பேர் அதே பஸ்ஸில். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கோபமாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊருக்குப் பாதி தூரம் வந்த பிறகு, என் பக்கம் குனிந்து, ரொம்ப மெதுவாக, என்னைத் தேற்றுகிற குரலில் பேசினார்.

"நீ தப்பா எடுத்துக்கிட்டட்டி. தாலி போயிருந்தா நாலே நாள்ல இதைவிடக் கெட்டியா வேற செஞ்சு போட்டிருப்பேன். லைசென்ஸ் அப்பிடியா? போனா போனதுதானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். நான் புரிந்துகொள்வேன் என்று நம்பித்தான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் வராத அழுகை, கூண்டில் வராத அழுகை, அத்தனையும் அப்போது வந்தது. சத்தம் போட்டே அழுதேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார்.

அவர் பதறிப்போய்த் துண்டை எடுத்து நீட்டினார்.

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ. மொகத்தை மறைச்சுக்க."

நான் மறைக்கவில்லை.